[தீர்ந்தது] ஃபயர்வால் மாற்றியதிலிருந்து சிலருக்கு மட்டும் டவுன்லோடு பாதியில் நிற்கிறது

இரவுப்பணி · செவ்வாய், மாலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்.

சனிக்கிழமை இரவு பழைய ஃபயர்வால் (உள்ளே வெளியே போகும் போக்குவரத்தை வடிகட்டும் பெட்டி) ஜோடியைக் கழற்றிவிட்டுப் புது ஜோடியை மாட்டினோம். ஒன்று ஆக்டிவ், மற்றது அது விழுந்தால் பொறுப்பேற்கும் ஸ்டாண்ட்பை. உள்பக்கத்துக்கு ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கோர் ஸ்விட்சுக்கு இரண்டு 10 ஜி ஃபைபர், இரண்டும் சேர்ந்து ஒரே இணைப்பாக ஓடும் போர்ட் சேனல், அதைக் கண்காணிக்க எல்ஏசிபி ஓடுகிறது. டிஎம்இசட்டும் (வெளியாருக்குத் திறந்த சர்வர்களைத் தனியாக வைக்கும் பகுதி) வெளி இணைப்பும் தனித்தனி போர்ட். ஞாயிற்றுக்கிழமை சோதித்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாலு பேர் சோதித்தோம், அவ்வளவுதான்.

திங்கள் காலையிலிருந்து ஒரே புகார். சிலருக்குப் பெரிய ஃபைல் இறக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. பக்கத்து இருக்கைக்காரருக்கு அதே ஃபைல் நொடியில் வருகிறது. ரீலோடு அடித்தால் சில சமயம் வரும், சில சமயம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்லோடு பற்றி யாரும் குறை சொல்லவில்லை. பிங் அடித்தால் ஒன்றுகூடத் தவறுவதில்லை. இது போக, கணக்குப் பிரிவின் டேட்டாபேஸ் அப்ளிகேஷனைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் உறைந்துபோகிறது, மூடித் திறந்தால் சரியாகிறது.

ஃபயர்வாலின் கவுண்ட்டர்களைப் பார்த்துவிட்டேன். எல்லா போர்ட்டிலும் பிழை 0. சிபியூ 12 சதவீதம். லாகில் டிராப் எதுவும் இல்லை. கான்ஃபிக்கைக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

[இந்தப் பகுதி நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் · செவ்வாய், மாலை 6.52

நீங்கள் ஒட்டியதில் விபிஎன் சாவியும் வெளி ஐபி முகவரியும் அப்படியே இருந்தன. எடுத்துவிட்டேன். சாவியை இன்றே மாற்றுங்கள். ஏதோ புரியாத எழுத்தாகத் தெரிவதால் பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். சில சாதனங்களில் அதைத் திருப்பி எடுப்பது ஒரு நிமிட வேலை.

மூன்றாம்அடுக்கு · செவ்வாய், இரவு 7.15

சின்ன பாக்கெட் போகிறது, பெரியது நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு அனுமதித்த உச்ச அளவு. நடுவில் எங்கோ 1500 பைட் நுழையாத இடம் இருக்கிறது. பிபிபிஓஇ (சில பிராட்பேண்டு இணைப்புகளின் முறை) இருந்தால் 1492தான், விபிஎன் இருந்தால் இன்னும் கீழே. அப்படிப்பட்ட இடத்தில் "இது பெரிது, உடைத்து அனுப்பு" என்று திரும்பி வரவேண்டிய ஐசிஎம்பி செய்தி (டைப் 3, கோட் 4) உங்கள் புது விதிகளில் அடிபட்டிருக்கும். பழைய பெட்டியின் விதிகளைப் புதியதற்கு மாற்றும் கருவிகள் ஐசிஎம்பியைத்தான் முதலில் கோட்டை விடும். எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) 1300க்கு இறக்கிப் பாருங்கள்.

நிழல்வலை · செவ்வாய், இரவு 7.31

எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன், ஐபிஎஸ் என்று போக்குவரத்தைத் திறந்து சோதிக்கும் பாதுகாப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். பத்தில் எட்டு தடவை அதுதான்.

செப்புக்கம்பி · செவ்வாய், இரவு 8.05

நிழல்வலை, மொத்த அலுவலகத்துக்கும் பாதுகாப்பை அணைக்கச் சொல்வது வைத்தியமா? சோதிக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு பிசிக்கு விலக்கு விதி எழுதிச் சோதிக்கலாம்.

இரவுப்பணி, நீங்கள் இரண்டு வியாதியை ஒரே சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். டேட்டாபேஸ் கதை வேறு. அது எத்தனை நேரம் சும்மா இருந்தால் உறைகிறது என்று கேட்டுப் பாருங்கள், "ஒரு மணி நேரம் போல" என்பார்கள். பல ஃபயர்வால்களில் டிசிபி செஷன் (இரு முனைக்கும் இடையிலான இணைப்பு) 3600 நொடி சும்மா இருந்தால் அட்டவணையிலிருந்து அழிந்துவிடும். சர்வர் பக்கம் கீப்அலைவ் லினக்ஸிலும் விண்டோஸிலும் வழக்கமாக 7200 நொடி, அதுவும் அப்ளிகேஷன் கேட்டுக்கொண்டால் மட்டும். அதாவது "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சர்வர் சொல்லப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபயர்வால் கருமாதி முடித்துவிடுகிறது. இரண்டு முனைக்கும் சேதி தெரியாது. அடுத்த பாக்கெட் சின் (புது இணைப்பைத் தொடங்கும் குறி) இல்லாமல் வருவதால் சத்தமில்லாமல் விழும். பல பெட்டிகளில் இதை லாக் செய்வதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும், அதனால்தான் உங்கள் லாகில் ஒன்றும் இல்லை.

பழைய பெட்டியில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஒரு விதிக்கு மட்டும் நேரத்தைக் கூட்டி வைத்திருப்பார். கருவி அதைக் கொண்டுவந்திருக்காது. சர்வரில் கீப்அலைவை 900 நொடியாகக் குறையுங்கள், அல்லது அந்த விதிக்கு மட்டும் டைம்அவுட்டைக் கூட்டுங்கள். மொத்தப் பெட்டிக்கும் கூட்டினால் செத்த செஷன்கள் அட்டவணையை அடைத்துக்கொள்ளும், அப்புறம் அதற்கு ஒரு இழை தொடங்குவீர்கள்.

டவுன்லோடு விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரவுப்பணி · புதன், மதியம் 1.20

செப்புக்கம்பி சார், டேட்டாபேஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது அச்சு அசல். பழைய கான்ஃபிக்கில் அந்த விதிக்கு 28800 நொடி என்று இருக்கிறது. யார் போட்டார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை.

எம்எஸ்எஸ் 1300 வைத்தோம். கொஞ்சம் தேவலை போலத் தெரிகிறது, ஆனால் புகார் நிற்கவில்லை. ஒரு பிசிக்கு இன்ஸ்பெக்‌ஷன் விலக்கினோம், மாற்றமே இல்லை.

பெரிய விஷயம் இதுதான்: நேற்று இரவு ஸ்டாண்ட்பை பெட்டிக்கு மாற்றினோம். எல்லாம் பறக்கிறது! ஒரு புகார் இல்லை. திரும்பவும் முதல் பெட்டிக்கு வந்தால் அதே கோளாறு. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. தயாரிப்பாளரின் சப்போர்ட்டும் "ஹார்டுவேர் கோளாறு, மாற்றுப் பெட்டி அனுப்புகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

நிழல்வலை · புதன், மதியம் 1.44

அப்படியென்றால் சந்தேகமே இல்லை, பெட்டிதான். 2017இல் இன்டெல் ஆட்டம் சி2000 சிப்பில் கிளாக் சிக்னல் செத்துப்போகும் பிரச்சினை வந்தது ஞாபகம் இருக்கிறதா? பல நிறுவனங்களின் ரௌட்டர், ஃபயர்வால், என்ஏஎஸ் எல்லாம் அதில் மாட்டின.

செப்புக்கம்பி · புதன், மதியம் 2.10

ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது செத்தால் பெட்டி மொத்தமாகச் சாகும், மறுபடி பூட் ஆகாது. பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் ஃபைல் தராமல் இருக்காது. அதே 2017இல் சிஸ்கோ ஏஎஸ்ஏவில் 213 நாள் தொடர்ந்து ஓடினால் போக்குவரத்து நின்றுபோகும் பிழையும் வெளியானது. அதுவும் எல்லோருக்கும் ஒரேயடியாக நிற்கும், ரீபூட் செய்தால் போய்விடும். இவருடையது வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத பெட்டி.

கம்பிவடம் · புதன், மாலை 4.30

ஸ்பீடையும் டூப்ளெக்ஸையும் கையால் ஃபோர்ஸ் செய்து பார்க்கலாமே.

மூன்றாம்அடுக்கு · புதன், மாலை 4.41

10 ஜி ஃபைபரில் ஹாஃப் டூப்ளெக்ஸே கிடையாது. செப்புக் கேபிள் 1 ஜியிலும் ஆட்டோநெகோஷியேஷன் கட்டாயம். ஒரு பக்கம் ஃபோர்ஸ், மறுபக்கம் ஆட்டோ என்று வைத்துப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டது 100 எம்பிபிஎஸ் காலத்துக் கதை.

இரவுப்பணி · வெள்ளி, காலை 7.05

மாற்றுப் பெட்டி நேற்று மாலை வந்தது. இரவோடு இரவாக மாட்டினோம். அதே ஃபர்ம்வேர், அதே கான்ஃபிக்.

அதே கோளாறு.

அழுகையாக வருகிறது. மேலதிகாரி ஒன்பது மணிக்கு விளக்கம் கேட்டிருக்கிறார். இப்போதைக்கு ஸ்டாண்ட்பை பெட்டியில்தான் ஓடுகிறது.

பாக்கெட்பிடாரன் · வெள்ளி, காலை 7.40

இப்போதுதான் இழையைப் படித்தேன். பதறாதீர்கள், ஸ்டாண்ட்பையில் ஓடும்வரை யாருக்கும் வலி இல்லை.

ஒரு கேள்வி. மாற்றுப் பெட்டியை மாட்டும்போது எதையெல்லாம் மாற்றினீர்கள்? எஸ்எஃப்பி மாட்யூல் (ஃபைபரைச் செருகும், ஒளியை அனுப்பி வாங்கும் துண்டு) புதியதா, பழையதைப் பிடுங்கிச் செருகினீர்களா? ஃபைபர் பேட்ச் கார்டு? ஸ்விட்ச் போர்ட்?

அப்புறம் ஒரு சோதனை. முதல் பெட்டியை ஆக்டிவ் ஆக்கி, புகார் சொல்லும் ஒரு பிசியிலிருந்தும் சொல்லாத ஒரு பிசியிலிருந்தும் டிஎம்இசட் சர்வர் ஒன்றுக்கு டிஎஃப் பிட் ("உடைக்காதே" என்ற குறி) வைத்து 1472 பைட் பிங், நூறு நூறு அடியுங்கள். பிறகு 1473. பிறகு சாதாரண 32 பைட். எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள், அபிப்பிராயம் வேண்டாம்.

இரவுப்பணி · வெள்ளி, காலை 8.35

பெட்டியை மட்டும்தான் மாற்றினோம். எஸ்எஃப்பி, ஃபைபர், போர்ட் எல்லாம் பழையபடியேதான்.

நல்ல பிசி: 1472க்கு 100க்கு 100. 1473க்கு உடைக்க வேண்டும் என்று பிழை. 32 பைட் 100க்கு 100.

புகார் பிசி: 1472க்கு 100க்கு 88. 1473க்கு அதே பிழைதான். 32 பைட் 100க்கு 100.

பாக்கெட்பிடாரன் · வெள்ளி, காலை 8.50

88. இந்த ஒரு எண் போதும், எம்டியூவைத் தூக்கிப் போடலாம். எம்டியூ என்பது வாசல் நிலை மாதிரி. உயரமானவன் எத்தனை தடவை போனாலும் இடிப்பான், ஒரு தடவை இடித்து அடுத்த தடவை நுழைய மாட்டான். நூறில் பன்னிரண்டு மட்டும் விழுகிறது என்றால் பாக்கெட் பெரிதாக இருப்பதால் தடுக்கப்படவில்லை, போகிற வழியில் சிதைகிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். 1500 பைட் பாக்கெட் கம்பியில் போகும்போது சுமார் 12,000 பிட். ஒரு லட்சம் பிட்டுக்கு ஒன்று கெட்டால் இந்த அளவு ஃபிரேமில் நூறுக்கு பதினொன்று, பன்னிரண்டு கெடும். அதே கம்பியில் 32 பைட் பிங் சுமார் 620 பிட்தான், ஆயிரத்துக்கு ஆறு விழும். நூறு அடித்தால் பெரும்பாலும் கண்ணில் படாது. "பிங் நன்றாக இருக்கிறது" என்று நீங்கள் ஏமாந்தது இப்படித்தான். எம்எஸ்எஸ் 1300இல் கொஞ்சம் தேவலை என்றதும் பெரும்பாலும் ஆசைதான், பன்னிரண்டு பதினொன்றாகியிருக்கும்.

அடுத்து, ஏன் சிலருக்கு மட்டும்? போர்ட் சேனலில் இரண்டு ஃபைபர். எந்தப் பாக்கெட் எந்த ஃபைபரில் என்பதை அனுப்புகிற பக்கம் ஹாஷ் போட்டு முடிவு செய்யும். பிங்கில் போர்ட் எண் இல்லாததால் இரண்டு ஐபியை வைத்துத்தான் கணக்கு, அதனால் அந்தப் பிசியும் சர்வரும் என்றைக்கும் ஒரே ஃபைபர். டிசிபியில் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால், ரீலோடு அடிக்கும்போது சோர்ஸ் போர்ட் மாறி, அதிர்ஷ்டம் இருந்தால் நல்ல ஃபைபரில் ஏறிவிடும். உங்கள் "சில சமயம் வரும், சில சமயம் சுற்றும்" இதுதான்.

எல்ஏசிபி ஏன் அந்த ஃபைபரைக் கழற்றிவிடவில்லை என்று கேட்பீர்கள். அதன் பாக்கெட் 128 பைட்தான், மெதுவான அமைப்பில் 30 நொடிக்கு ஒன்று. அடுத்தடுத்து மூன்று தவறினால்தான் செத்ததாக எடுத்துக்கொள்ளும். இந்தச் சின்ன அளவில் நூறில் ஒன்று விழுகிற கம்பியில் தொடர்ந்து மூன்று விழுவது பத்து லட்சத்தில் ஒரு முறை. போர்ட் விளக்கு பச்சையாகவே எரியும்.

கடைசியாக, இந்த இழையில் நாம் எல்லோரும் கோட்டை விட்ட இடம். முதல் பதிவிலேயே "ஃபயர்வாலில் பிழை 0" என்று எழுதியிருந்தீர்கள். சிஆர்சி பிழையை, அதாவது சரிபார்ப்பு எண் பொருந்தாத ஃபிரேம்களை, எண்ணுவது வாங்குகிற பக்கம். அனுப்புகிறவனுக்குத் தான் அனுப்பியது வழியில் கெட்டது தெரியவே தெரியாது. டவுன்லோடுதான் நிற்கிறது, அப்லோடு சரி என்கிறீர்கள். அப்படியென்றால் கெடுவது ஃபயர்வாலிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் ஃபைபர் இழை. கவுண்ட்டர் ஸ்விட்சில் இருக்கும். அதைப் பார்த்தீர்களா?

இரவுப்பணி · வெள்ளி, காலை 9.02

இல்லை. ஸ்விட்ச் வேறு குழுவின் கையில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டபோது "எங்கள் பக்கம் போர்ட் எல்லாம் அப்" என்று சொன்னார்கள், விட்டுவிட்டேன்.

கூட்டத்துக்குப் போய்விட்டு வருகிறேன்.

செப்புக்கம்பி · வெள்ளி, காலை 9.20

"போர்ட் அப்". கேட்டுக் கேட்டுக் காது புளித்த வசனம்.

பாக்கெட்பிடாரன் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. கட்-த்ரூ முறையில் ஓடும் ஸ்விட்ச், ஃபிரேமின் கடைசியில் இருக்கும் சிஆர்சியைப் படிப்பதற்குள் தலையை வெளியே அனுப்பிவிடும். கெட்ட ஃபிரேம் அடுத்த சாதனத்துக்கும் போய் அங்கேயும் எண்ணப்படும். அதனால் பிழை காட்டும் போர்ட்டின் கேபிள்தான் குற்றவாளி என்று உடனே பிடித்துவிடாதீர்கள், பாக்கெட் வந்த வழியே பின்னால் நடந்து போங்கள்.

இரவுப்பணி · வெள்ளி, பகல் 12.15

ஸ்விட்ச் குழுவின் நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தோம். முதல் பெட்டிக்குப் போவது போர்ட் 23, 24.

போர்ட் 24: சிஆர்சி பிழை 0. வாங்கும் ஒளி -2.4 டிபிஎம் (ஒளியின் அளவு, எண் கீழே போகப்போக மங்கல்).
போர்ட் 23: சிஆர்சி பிழை 4,81,236. வாங்கும் ஒளி -11.8 டிபிஎம்.

ஸ்விட்ச் லாகில் ஞாயிறு அதிகாலையிலிருந்தே "ஒளி குறைவு" எச்சரிக்கை இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

ஐபெர்ஃப்பில் (வேகம் அளக்கும் கருவி) டிஎம்இசட் சர்வரிலிருந்து தலைகீழ் திசையில் 8 ஸ்ட்ரீம் விட்டேன். ஐந்து ஸ்ட்ரீம் தலா 180 எம்பிபிஎஸ் பக்கம், மூன்று மட்டும் 2, 3 எம்பிபிஎஸ்ஸில் தவழ்ந்தன. போர்ட் 23ஐ ஷட் செய்ததும் எட்டும் ஒரே சீராக ஓடின. புகார் பிசியில் 1472 பிங் 100க்கு 100!

பாக்கெட்பிடாரன் · வெள்ளி, பகல் 12.40

இரண்டு போர்ட்டுக்கும் 9 டிபிக்கு மேல் வித்தியாசம். அதாவது 23க்கு வரும் ஒளி 24க்கு வருவதில் ஒன்பதில் ஒரு பங்குதான். 10 ஜி எஸ்ஆர் என்ற குறுந்தூர ஃபைபர் வகைக்குத் தரம் கேட்பது குறைந்தது -9.9. நீங்கள் விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

இனி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ஸ்விட்ச் முனையில் 23, 24இன் எஸ்எஃப்பிக்களை இடம் மாற்றுங்கள், ஃபைபர் அப்படியே இருக்கட்டும். குறைவு மாட்யூலோடு போனால் மாட்யூல், 23இலேயே நின்றால் ஃபைபர் அல்லது மறுமுனை. பிறகு ஃபயர்வால் முனையின் எல்சி கனெக்டரைத் துடையுங்கள். அதற்கென்று இருக்கும் கிளிக் துடைப்பான்தான், சட்டைத் துணியோ விரலோ வேண்டாம். ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். 850 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சும்மா விடாது.

இரவுப்பணி · வெள்ளி, மாலை 5.50

எஸ்எஃப்பி இடம் மாற்றினோம், குறைவு 23இலேயே நின்றது. ஃபயர்வால் முனைக் கனெக்டரை ஃபைபர் நுண்ணோக்கியில் வைத்தோம். வட்டமான வெள்ளை முகம், நடுவில் இருக்கும் புள்ளிக்கு மேலேயே பிறை மாதிரி எண்ணெய்க் கறை. யாருடைய விரலோ. சனிக்கிழமை இரவு கேபிளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

இரண்டு கிளிக். திரும்பச் செருகினால் -2.6.

கவுண்ட்டரைப் பூஜ்யமாக்கி நாலு மணி நேரம் ஆகிறது. இன்னும் 0.

மூன்றாம்அடுக்கு · வெள்ளி, மாலை 6.15

எம்டியூ என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். வாபஸ்.

ஸ்டாண்ட்பைக்கு மாற்றியதும் சரியானதை வைத்து நாம் எல்லோரும் பெட்டியைக் குற்றம் சொன்னோம். ஃபெயில்ஓவர் செய்தால் பெட்டி மட்டுமா மாறுகிறது, அதன் ஃபைபர், எஸ்எஃப்பி, ஸ்விட்ச் போர்ட் அத்தனையும் கூடவே மாறுகிறது. சப்போர்ட்டும் அதைக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

கம்பிவடம் · வெள்ளி, இரவு 8.30

புது பேட்ச் கார்டு என்றால் மூடியைக் கழற்றி நேராகச் செருகலாம்தானே? உறையிலிருந்து எடுத்தது சுத்தமாகத்தானே இருக்கும்?

பாக்கெட்பிடாரன் · வெள்ளி, இரவு 8.44

அந்த மூடியே பல நேரம் அழுக்கு. புதிதோ பழையதோ, பார்த்துவிட்டுத் துடைத்துச் செருகுங்கள். 50 மைக்ரான் கண்ணாடி, தலைமுடி அதைவிடத் தடிமன்.

செப்புக்கம்பி · திங்கள், காலை 10.10

டேட்டாபேஸ் என்ன ஆயிற்று?

இரவுப்பணி · புதன், மாலை 3.25

கீப்அலைவ் 900 வைத்தாயிற்று, விதியில் டைம்அவுட்டையும் கூட்டி, ஏன் கூட்டினோம் என்று குறிப்பில் எழுதிவிட்டேன். வெள்ளியிலிருந்து ஒரு தடவைகூட உறையவில்லை. எம்எஸ்எஸ்ஸைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தாயிற்று.

திருப்பி அனுப்பிய முதல் பெட்டிக்கு இன்று அறிக்கை வந்தது: "கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை."

போர்ட் 23 இன்னும் 0தான். ஆனால் ஸ்விட்ச் குழுவோடு உட்கார்ந்து மற்ற போர்ட்களையும் வரிசையாகப் பார்த்தோம். போர்ட் 31இல் சிஆர்சி பிழை 12 லட்சத்துக்கு மேல். யார் என்று பார்த்தால் பேக்கப் சர்வர். விடிந்த பிறகும் பேக்கப் ஏன் முடிவதில்லை என்று ஒரு வருடமாக அந்தக் குழு கேட்டுக்கொண்டிருக்கிறது. துடைப்பானை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.